அம்மாவின் எலும்பு ரிப்போர்ட் மைனஸ் 2.8: கல்சியக் குளிசை மட்டும் போதுமா?

வெள்ளவத்தை_வேணி
ஞாயிறு, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு. போன வருசம் பாத்ரூமில சறுக்கி, கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிளாஸ்டர் போட்டு, கல்சியக் குளிசை எழுதித் தந்து அனுப்பிவிட்டினம். இப்பிடி லேசா விழுந்ததுக்கே ஏன் முறிஞ்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

இப்ப வேற ஒரு டொக்டரிட்ட முழங்கால் வருத்தத்துக்குப் போன இடத்தில, அவர் பழைய கதையைக் கேட்டிட்டு, எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்சா ஸ்கான் எடுக்கச் சொன்னார். ரி ஸ்கோர் (இளவயசு ஆக்களின்ர எலும்பு அடர்த்தியோட ஒப்பிட்டுப் போடுற கணக்கு) இடுப்பில மைனஸ் 2.8, முள்ளந்தண்டில மைனஸ் 3.1. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருக்காப் போடுற அலென்ட்ரோனேட் குளிசை எழுதியிருக்கிறார். அம்மா பெட்டிக்குள்ள இருந்த தாளை மூக்குக்கண்ணாடி போட்டு வரி வரியா வாசிச்சா. "தாடை எலும்பு அழுகுமாம். நான் கல்சியத்தோடயே இருக்கிறன்" எண்டு குளிசையை அலுமாரிக்குள்ள வச்சிட்டா.

வயசு போகப் போக எலும்புக்குள்ள உண்மையில என்ன நடக்குது? கல்சியம் குறையிறதுதான் பிரச்சினை எண்டா கல்சியம் போட்டாச் சரிதானே? அம்மா பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிச்சவ. சும்மா "டொக்டர் சொன்னார், போடுங்கோ" எண்டா எடுபடாது. காரணம் சொல்ல வேணும்.

மாஸ்டர்_கொழும்பு6
ஞாயிறு, இரவு 9.51

பிள்ளை, எங்கட ஆச்சிக்கு ஸ்கானும் இல்லை, ஸ்கோரும் இல்லை. கடைசி மட்டும் கிணத்தில தண்ணி அள்ளினவ, உரலில மா இடிச்சவ. குரக்கன் புட்டும், முள்ளோட சப்பித் தின்னுற நெத்தலியும், முருங்கையிலை வறையும்தான் மருந்து. இப்ப ஃபிளாட்டில லிஃப்டில ஏறி இறங்கி, பால்மாத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, எலும்பு தேயுது எண்டு மருந்துக் கொம்பனிக்குக் காசு கட்டுறம். அம்மா சொல்லுறது சரி.

என்புக்கூடு
ஞாயிறு, இரவு 10.38

மாஸ்டர், உங்கட ஆச்சி விசயத்தில பாதிக்கு நான் உடன்படுறன். எந்தப் பாதி எண்டு கடைசியில சொல்லுறன். நான் கலவியல் ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஆள், டொக்டர் இல்லை. வேணி அக்கா, அம்மா விஞ்ஞான ரீச்சர் எண்டபடியால் கொஞ்சம் நீட்டி எழுதுறன். இதை அப்பிடியே அவவுக்கு வாசிச்சுக் காட்டலாம்.

எலும்பு எண்டதும் சுண்ணாம்புத் தடி மாதிரி ஒரு செத்த பொருள்தான் எல்லாருக்கும் மனசில வருது. ஆனா வளர்ந்த ஒருவரின் எலும்புத் தொகுதியில் ஏறத்தாழ 10 சதவீதம் ஒவ்வொரு வருடமும் அழிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அழிப்பவை ஒஸ்ரியோகிளாஸ்ற் கலங்கள். இவை எலும்பில் பிறப்பவை அல்ல. இரத்தத்தில் உள்ள ஒருவகை வெண்குருதிக் கலங்களின் வழி வந்தவை. பல கலங்கள் ஒன்றுசேர்ந்து பல கருக்களுள்ள ஒரு பெரிய கலமாகி, எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து கனியுப்பைக் கரைக்கும், கதெப்சின் கே என்ற நொதியத்தால் கொலாஜனை அறுக்கும். கட்டுபவை ஒஸ்ரியோபிளாஸ்ற் கலங்கள். இவை என்பு மச்சையில் உள்ள மூலக்கலங்களிலிருந்து வருபவை.

காலி வீதியில தோண்டுற கூட்டத்தையும் நிரப்புற கூட்டத்தையும் யோசியுங்கோ. தோண்டுறவன் ரெண்டு மூண்டு கிழமையில தோண்டிப்போட்டுப் போயிடுவான். நிரப்புறவனுக்கு மூண்டு நாலு மாதம் வேணும். எலும்பிலயும் கணக்கு ஏறத்தாழ இதுதான். இளவயதில் தோண்டின அளவுக்கே நிரப்பு வேலையும் நடக்கும். வயது போனால் ஒவ்வொரு குழியும் கொஞ்சம் குறையாகவே நிரப்பப்படும். அந்தக் குறைகள் சேர்ந்ததுதான் உங்கட மைனஸ் 2.8.

கல்சியம் இதில் வெறும் கட்டுப்பொருள். நிரப்புற கூட்டம் குறைஞ்ச இடத்தில பொருளை மட்டும் லொறி லொறியாக் கொண்டுவந்து இறக்கி என்ன பலன்? பொருள் இல்லாட்டியும் வேலை நடக்காது, அது வேற கதை.

நிரப்புற கூட்டம் ஏன் குறையுது? மச்சையில் இருக்கிற மூலக்கலம் ஒஸ்ரியோபிளாஸ்றாகவும் போகலாம், கொழுப்புக் கலமாகவும் போகலாம். வயது ஏற ஏற அது கொழுப்புப் பக்கம் சாய்கிறது. முதியவரின் என்பு மச்சை மஞ்சளாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே விதையிலிருந்து எலும்புக்குப் பதிலாகக் கொழுப்பு.

வெள்ளவத்தை_வேணி
ஞாயிறு, இரவு 10.55

பக்கத்தில இருந்து அம்மாவே வாசிக்கிறா. "ஆம்பிளையளுக்கும் வயசு போகுதுதானே, பொம்பிளையளுக்கு மட்டும் ஏன் கூட முறியுது?" எண்டு கேக்கிறா.

என்புக்கூடு
ஞாயிறு, இரவு 11.20

ஈஸ்திரஜன், ரீச்சர். அந்த ஓமோன் தோண்டுற கலங்களின் ஆயுளைச் சுருக்கி வச்சிருக்கும். அவற்றை உருவாக்கச் சொல்கிற ரேங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதத்தையும் அடக்கி வைக்கும். மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் அறுகிறது. முதல் ஐந்தாறு வருடம் இழப்பு மிக வேகம், பிறகு மெதுவாகும்.

முதலில் அடிபடுவது பஞ்சு போன்ற உள் எலும்பு. மொத்த எலும்பில் அது 20 சதவீதம்தான். ஆனா மேற்பரப்பு கூட, கலங்கள் வேலை செய்வது மேற்பரப்பில். முள்ளந்தண்டு என்பும் மணிக்கட்டும் அந்த வகை கூடின இடங்கள். அதனால்தான் அறுபதுகளில் மணிக்கட்டு, பிறகு முள்ளந்தண்டு, எழுபது எண்பதில் வெளி ஓடும் துளைவிட்ட பிறகு இடுப்பு என்ற வரிசை. மணிக்கட்டு முறிவு அறிவித்தல் மாதிரி. உங்களுக்கு அது வந்து சேர்ந்திருக்கு.

ஆம்பிளையளைப் பற்றி ஒண்டு சொல்லாமல் விட மனமில்லை. 1994இல் 28 வயதான ஒரு மனிதரைப் பற்றி மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். அவருடைய உடம்பில் ஈஸ்திரஜன் இருந்தது, ஆனால் மரபணு மாற்றத்தால் அதை வாங்கும் ஏற்பி வேலை செய்யவில்லை. ஆண் ஓமோன் சரியாகவே இருந்தது. ஆனாலும் எலும்பு அடர்த்தி படுகுறைவு, உயரமும் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆண்களின் எலும்பையும் காப்பாற்றுவதில் ஈஸ்திரஜனுக்குப் பெரிய பங்கு என்று அன்றுதான் தெளிவாகப் புரிந்தது. ஆண்களுக்கு அது சட்டென்று நிற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாஸ்டர், நீங்களும் தப்பேலாது.

மாஸ்டர்_கொழும்பு6
திங்கள், காலை 5.40

நான் நாள்தோறும் சுதந்திர சதுக்கத்தில நாலு சுத்து நடக்கிறனான். எனக்கு ஒண்டும் வராது.

பிசியோ_நிலா
திங்கள், காலை 7.05

நடங்க மாஸ்டர், இதயத்துக்கு, சீனிக்கு, மனசுக்கு எல்லாம் நல்லது. ஆனா எலும்பு அடர்த்திக்கு சமதரையில நடக்கிறது பெருசா ஒண்டும் செய்யாது. காலம் முழுக்க நடந்து பழகின சுமைதான் அது, எலும்புக்குப் புதுசா ஒரு சேதியும் போறதில்ல.

2017இல அவுஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில வெளியிட்ட லிஃப்ற்மோர் ஆய்வைச் சொல்லணும். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைஞ்ச பெண்கள். கிழமைக்கு ரெண்டு நாள், அரை அரை மணித்தியாலம், எட்டு மாசம். நல்ல பாரம் தூக்கினாங்க, குதிச்சு இறங்கினாங்க. முள்ளந்தண்டு அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடிச்சு. வீட்டில லேசான பயிற்சி செஞ்ச மத்தக் குழுவுக்குக் குறைஞ்சது. சட்டெண்டு யாரும் அரிசி மூட்டை தூக்கப் போகாதீங்க. அவங்க பக்கத்தில பயிற்சியாளர் நின்னாங்க, எடையை மெல்ல மெல்லக் கூட்டினாங்க.

வேணியின் அம்மாவுக்கு மைனஸ் 3.1 எண்டபடியால் முதல்ல முள்ளந்தண்டு எக்ஸ்ரே ஒண்டு பார்த்தா நல்லம். முள்ளந்தண்டு என்பு நசுங்கினவங்கள்ல முக்கால்வாசிக்குக் கிட்ட அது முறிவு எண்டே தெரியாமத்தான் திரியுறாங்க. "வாயுப்பிடிப்பு" எண்டு தைலம் பூசிக்கிட்டு இருப்பாங்க. இளவயசு உயரத்தில இருந்து 4 சென்ரிமீற்றருக்கு மேல குறைஞ்சிருந்தாச் சந்தேகப்படணும். அடையாள அட்டை எடுத்த காலத்துச் சீலை இப்ப நிலத்தில இழுபடுதா எண்டு கேட்டுப் பாருங்க.

அது வரைக்கும் முன்னால வளைஞ்சு பாரம் தூக்கிறது, காலை நீட்டி உக்காந்து குனிஞ்சு விரலைத் தொடுற யோகாசனம், திருவலையில குந்தி இருந்து தேங்காய் திருவுறது வேணாம். கதிரையில இருந்து கை ஊண்டாம எழும்பி உக்காரலாம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு குதிக்கால் தூக்கி இறக்கலாம். ஒத்தைக் காலில நிண்டு பழகலாம், பக்கத்தில குசினி மேசை இருக்கட்டும்.

என்புக்கூடு
திங்கள், பகல் 12.48

நிலா சொன்ன "எலும்புக்குச் சேதி போறது" என்பதைப் பிடித்துக்கொள்ளுறன். இந்த இழையில எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி இதுதான், மதியச் சாப்பாட்டை விட்டிட்டு எழுதுறன்.

தோண்டுறதும் நிரப்புறதும் சேர்ந்து எலும்புக் கலங்களில் 10 சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் ஒஸ்ரியோசைற். எலும்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் அகப்பட்டுப் புதைந்த கலங்கள். மனித உடம்பில் சுமார் 4,200 கோடி இருக்கும் என்று ஒரு கணிப்பு. கட்டும் கலம் சில மாதம் வாழும், தோண்டும் கலம் சில கிழமை. இந்தப் புதைந்த கலம் பத்து இருபது வருடம் உயிரோடு கிடக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய நீட்சிகள் நுண்குழாய்கள் வழியே ஓடி அயல் கலங்களைத் தொடும். நீங்கள் ஒரு படி ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. அந்தக் குழாய்களில் திரவம் ஓடுகிறது. ஓட்டத்தை உணர்ந்து "இந்த இடத்தில் பாரம் விழுகிறது, கட்டு" என்று சொல்வது இந்தக் கலம். சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். உணர்வது எது என்பது பின்னாளில்தான் பிடிபட்டது.

பாரம் இல்லாவிட்டால் இதே கலம் ஸ்க்ளெரொஸ்ரின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து கட்டும் வேலையை நிறுத்தும். விண்வெளி வீரர்கள் மாதம் ஒன்றுக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இடுப்பு, முள்ளந்தண்டு எலும்பை இழப்பது இதனால்தான். ஒரு மாதத்தில் அவர்களுக்குப் போவது, நிலத்தில் முதியவர் ஒருவருக்கு ஒரு வருடத்தில் போவதற்குச் சமம். மறுபக்கம், தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் பிறப்பிலேயே இந்தப் புரதம் இல்லை. எலும்பு முறியாது, ஆனால் மண்டையோடு தடித்து நரம்பை நெரிக்கும். அவர்களைப் படித்துத்தான் ஸ்க்ளெரொஸ்ரினைத் தடுக்கும் ரொமோசோசுமாப் ஊசி வந்தது, 2019இல் அமெரிக்காவில் அனுமதி. விலையைக் கேட்காதையுங்கோ.

வயது போனால் இந்தப் புதைந்த கலங்கள் சாகின்றன, நீட்சிகள் அறுகின்றன, குழாய்கள் கனியுப்பால் அடைபடுகின்றன. பாரம் விழுந்தாலும் சேதி போவதில்லை. இன்னொரு கூட்டம் சாகவும் மாட்டாது, வேலையும் செய்யாது. மூப்படைந்து, அழற்சிப் பதார்த்தங்களைக் கக்கிக்கொண்டு அயலில் உள்ள கலங்களையும் கெடுக்கும். 2017இல் மாயோ கிளினிக் குழு வயதான எலிகளில் இந்த மூத்த கலங்களை அகற்றியபோது தோண்டுதல் குறைந்து எலும்பு பலப்பட்டது. உலகமே துள்ளியது. 2024இல் அதே வழி மருந்தை மாதவிடாய் நின்ற 60 பெண்களில் பார்த்தார்கள். 20 கிழமையில், எலும்பு கரைவதைக் காட்டும் இரத்தக் குறியீடு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஆகவே இணையத்தில் "முதுமைக் கலத்தைக் கொல்லும் குளிசை" என்று விற்பதை வாங்கிவிடாதையுங்கோ. எலிக்கு வேலை செய்தது, எங்களுக்கு இன்னும் இல்லை.

கொட்டாஞ்சேனை_ராஜ்
திங்கள், மாலை 6.30

எங்க அம்மா கதையைச் சொல்றேன், யாருக்காவது உதவும். அவங்களுக்கு சிறுநீரகம் கொஞ்சம் வீக், அதனால குளிசை இல்லாம ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெனோசுமாப் ஊசி. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தாங்க, ஸ்கோர்கூட ஏறிச்சு. 2022ல நாட்டுல மருந்துத் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை, எல்லாம் ஒண்ணா வந்துச்சே. ஊசி கிடைக்கல. "ஸ்கோர் நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போடலாம்"னு கிளினிக்ல இருந்த ஒருத்தர் சொன்னாரு. நாங்களும் விட்டுட்டோம். வருசக் கடைசியில தண்ணி வாளியத் தூக்கினவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. எக்ஸ்ரேல முள்ளந்தண்டுல மூணு எலும்பு நசுங்கி இருந்துச்சு.

ஒரு ஊசிய விட்டா இவ்வளவு வருமா? இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒழுங்கா விளங்கப்படுத்தல.

பார்மசி_பொடியன்
திங்கள், இரவு 8.02

ராஜ் அண்ணா, வரும். இதை ஊசி தொடங்கிற நாளே வீட்டாருக்குச் சொல்ல வேணும். டெனோசுமாப் எலும்பில தங்காது. ஆறு மாதம் முடிய அதின்ட வேலையும் முடியுது, ஏழாவது மாதத்தைத் தாண்டக் கூடாது. நிப்பாட்டுறதெண்டா அலென்ட்ரோனேட் இல்லாட்டி சொலெட்ரோனிக் அசிட் மாதிரி ஒண்டை உடனே பின்னால கட்டித்தான் நிப்பாட்டுறது. சிறுநீரகம் குறைஞ்ச ஆளுக்கு அதையும் அளவு பார்த்துத்தான் செய்ய வேணும். டொக்டரோட திரும்ப இருந்து கதையுங்கோ, அம்மாவுக்கு இப்ப என்ன போகுது எண்டு பார்க்க வேணும்.

அலென்ட்ரோனேட் வேற மாதிரி. எலும்புக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தின்ன வாற கலத்தையே முடக்கும். ஒரு கிழமை மறந்தா ஒண்டும் குடி முழுகாது. ஐந்து வருசம் போட்டிட்டு, ஆபத்துக் குறைஞ்சவை டொக்டர் சொன்னாக் கொஞ்சக் காலம் விடலாம் எண்டதும் அதாலதான்.

என்புக்கூடு
திங்கள், இரவு 8.40

ராஜ், கலத்தின் பக்கமிருந்து ஒரு விளக்கம் இருக்கு. தோண்டும் கலம் வேலை முடிந்ததும் செத்துப்போகும் என்றுதான் நீண்டகாலம் எல்லோரும் படித்தோம். 2021இல் சிட்னியின் கார்வன் ஆய்வு நிலையத்தவர்கள் உயிருள்ள எலியின் எலும்புக்குள் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது, அது சின்னச் சின்னக் கலங்களாகப் பிரிந்து பக்கத்தில் ஒதுங்குவதையும், திரும்ப ஒன்றுசேர்ந்து தோண்டத் தொடங்குவதையும் கண்டார்கள். ஒஸ்ரியோமோர்ஃப் என்று பேர் வைத்தார்கள். டெனோசுமாப் ஊசி ரேங்க்-எல்லைத் தடுத்து வைத்திருக்கும் காலத்தில் இவை சேர்ந்துகொண்டே இருக்கும். தடை எடுபட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் கூடித் தோண்டும். உங்கட அம்மாவுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். வாளி ஒரு சாட்டு.

உம்மு_ரீமா
திங்கள், இரவு 9.25

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். தெஹிவளையில இருந்து. எனக்கு 52, போன வருசத்தோட மாதவிடாய் நிண்டுட்டு. விற்றமின் டி பார்த்தா 11. டொக்டர் சிரிச்சிட்டுச் சொன்னார், "கொழும்பு வெயில்ல இருந்துகொண்டு இப்படியா" எண்டு. நான் வெளிய போனா அபாயா, வீட்டுக்குள்ள நாள் முழுக்க ஏசி, ஆபீஸ்லயும் ஏசி. எங்கட ராத்தாமாருக்கும் இதே கதைதான். வெயில் எவ்வளவு, குளிசை எவ்வளவு? சிலர் டி யால ஒரு பிரயோசனமும் இல்ல எண்டு ஆய்வே வந்திருக்கு எண்டு சொல்றாங்க.

பார்மசி_பொடியன்
திங்கள், இரவு 9.58

ரீமா அக்கா, ரெண்டும் உண்மை. அந்த ஆய்வு வைற்றல். அமெரிக்காவில 25,871 பேர், நாளுக்கு 2,000 அலகு. 2022இல வந்த முடிவில எலும்பு முறிவு குறையேல்லை. ஆனா அதில சேர்ந்த ஆக்கள் டி குறைஞ்சவை எண்டு தெரிஞ்செடுக்கப்பட்டவை இல்லை, பெரும்பாலானவைக்கு இருப்புப் போதும். நிறைஞ்ச வாளிக்குத் தண்ணி ஊத்திப் பார்த்து "தண்ணியால பிரயோசனமில்லை" எண்ட முடிவை 11க்கு இறங்கின ஆளுக்குப் பொருத்தேலாது. 11 எண்டா நிரப்பத்தான் வேணும், அளவை டொக்டர் சொல்லுவார். இன்னொண்டு: டி குறைவா இருக்கேக்க டெனோசுமாப், சொலெட்ரோனிக் ஊசி போட்டா இரத்தத்தில கல்சியம் விழுந்திடும். அதால முதல் டி, பிறகு ஊசி.

வெயிலுக்கு வந்தா, கண்ணாடி யன்னலுக்குப் பின்னால இருந்து காயிறது கணக்கில்லை, தோலில டி உண்டாக்கிற கதிரைக் கண்ணாடி மறிச்சிடும். காலமை ஏழு மணி இளவெயிலும் காணாது. எங்கட தோல் நிறத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் வேணும். அபாயாவை மட்டும் குறை சொல்லத் தேவையில்லை, சீலையும் ஷேர்ட்டும் போட்டுக்கொண்டு ஏசிக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் இந்த நாட்டில இதுதான் கதை. மொட்டைமாடி இருந்தா உடுப்புக் காயப்போடுற சாட்டில பத்தரை மணிக்குக் கையைக் காலைக் காட்டலாம்.

மாஸ்டர்_கொழும்பு6
செவ்வாய், காலை 5.55

அப்ப என்ர குரக்கனும் நெத்தலியும் வீணோ?

பார்மசி_பொடியன்
செவ்வாய், காலை 9.10

ஆர் சொன்னது, மாஸ்டர்! 100 கிராம் குரக்கன் மாவில ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம். முள்ளோட தின்னுற நெத்தலி, எள்ளு, முருங்கையிலை எல்லாம் நல்லம். 50 தாண்டின பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் எண்டு சொல்லுவினம். சாப்பாட்டில வாறதைக் கழிச்சு, மிச்சத்துக்குத்தான் குளிசை. ஒரே தரத்தில 500க்கு மேல குடல் இழுக்காது. கல்சியம் காபனேற்றைச் சாப்பாட்டோட போட வேணும். கஸ்ரைற்றிஸுக்கு ஒமெப்ரசோல் வருசக்கணக்காப் போடுறவை அதைப்பற்றி டொக்டரிட்டக் கேக்கிறது நல்லம், அது வயித்து அமிலத்தைக் குறைக்கும், அமிலம் குறைஞ்சாக் கல்சியம் காபனேற் கரையாது.

எங்கட கடைக்கு வாறவையில் பாதிப்பேர் கல்சியத்தை மருந்து எண்டு நினைச்சுத்தான் வாங்கினம். முறிஞ்ச எலும்போட வந்து, கல்சியம் மட்டும் எழுதின துண்டைக் காட்டுறவையைப் பார்க்க எனக்குக் கோவம்தான் வரும். இது எழுதினவரில வாற கோவம், நோயாளியில இல்லை.

வெள்ளவத்தை_வேணி
செவ்வாய், பகல் 1.30

அம்மா இப்ப பாதி வழிக்கு வந்திட்டா. ஆனா தாடை எலும்பு விசயத்தை விடுறா இல்லை. "எல்லாரும் சுத்திச் சுத்திக் கதைக்கினம், இதுக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை" எண்டு சொல்லுறா.

பார்மசி_பொடியன்
செவ்வாய், பகல் 2.15

நேரா வாறன். அது உண்மையான பக்கவிளைவு, பொய் இல்லை. ஆனா அந்தச் செய்திகளில் பெரும்பங்கு புற்றுநோய்க்காரருக்கு மாதாமாதம் பெரிய அளவில ஏத்துற ஊசியால வந்தவை. எலும்புத் தேய்வுக்குப் போடுற அளவில 10,000 பேருக்கு வருசத்தில ஒண்டும் இல்லை எண்டுதான் கணிப்பு. பெரும்பாலும் பல்லுப் பிடுங்கின இடத்தில வரும். அதால குளிசை தொடங்க முதல் பல் வைத்தியரிட்டக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவிட்டிட்டுத் தொடங்கலாம்.

இன்னொண்டும் ஒளிக்காமல் சொல்லுறன். நீண்டகாலம், அஞ்சு வருசத்துக்கு மேல போட்டவையில சிலருக்குத் தொடையெலும்பு வழமையில்லாத இடத்தில முறியும். அதுக்கு முதல் கவட்டிலயோ தொடையிலயோ மந்தமான நோ இருக்கும். அப்பிடி நோ வந்தாச் சொல்ல வேணும்.

மற்றத் தட்டில என்ன இருக்கு? முன்னமே முள்ளந்தண்டு நசுங்கின பெண்களில் செய்த ஆய்வில (1996) அலென்ட்ரோனேட் இடுப்பு முறிவை ஏறத்தாழப் பாதியாக்கினது. இடுப்பு முறிஞ்ச முதியவையில் அஞ்சில ஒருத்தராவது ஒரு வருசத்துக்குள்ள சாகினம். தப்பினவையிலும் கனபேர் பழையபடி நடக்கிறதில்லை. அம்மா ரீச்சர்தானே, ரெண்டு எண்ணையும் பக்கத்தில வச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_ராஜ்
செவ்வாய், இரவு 7.45

எண்ணு எல்லாம் சரி. விழாம இருந்தா எலும்பு எப்படி முறியும்? எங்க வீட்ல நான் செஞ்சது: பாத்ரூம் பளபள டைல்ஸுக்கு மேல சறுக்காத பாய், கமோட் பக்கத்துல ஒரு கைப்பிடி, படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி சின்ன லைட். தேய்ஞ்ச பாட்டா செருப்பைத் தூக்கி வீசினேன். அம்மாவுக்குக் கண்ணுல வெள்ளை படர்ந்திருந்துச்சு, அதையும் எடுத்தோம். தூக்கத்துக்குப் போட்ட மாத்திரைதான் ராத்திரி தடுமாற வச்சதுன்னு கடைசியில தெரிஞ்சுது, டொக்டர் மெல்ல மெல்லக் குறைச்சாரு.

பிசியோ_நிலா
செவ்வாய், இரவு 8.20

ராஜ், நீங்க எழுதினதை என் நோயாளிகளுக்குக் காட்டப் போறேன்.

சலரோகம் உள்ளவங்களுக்கு ஒரு வரி. டெக்சாவில அடர்த்தி நல்லா இருக்கு எண்டு நிம்மதியா இருந்துடாதீங்க. சீனி கொலாஜனில ஒட்டி எலும்பை நொறுங்கிற தன்மைக்குக் கொண்டுபோகும், ஸ்கான் அதைக் காட்டாது. வருசக்கணக்கா பிரெட்னிசொலோன் எண்ட ஸ்ரீரொயிட் போடுற ஆஸ்மா, வாதக்காரருக்கும் இப்படித்தான், அடர்த்தி பெருசா விழ முதலே முறியும். முறிவு ஆபத்தைக் கணக்குப் பார்க்கிற பிரக்ஸ் எண்ட இணையக் கருவியில இலங்கைக்கெண்டே தனிக் கணிப்பு இருக்கு. டொக்டரோட சேர்ந்து போட்டுப் பாருங்க.

என்புக்கூடு
செவ்வாய், இரவு 9.05

மாஸ்டருக்குப் பாக்கி இருக்கு. ஆச்சி விசயத்தில நான் உடன்படுற பாதி, அவ அள்ளின தண்ணியும் இடிச்ச மாவும். இருபது முப்பது வயது வரைக்கும் சேர்க்கிற எலும்புதான் ஆயுள் முழுக்கச் செலவழிக்கிற கையிருப்பு. வளர்ச்சி உச்சத்தில் இருக்கிற இரண்டு வருடத்தில் மட்டும் வளர்ந்தவரின் எலும்பில் கால்வாசி சேர்ந்துவிடும். அந்த வயதில் எங்கட பிள்ளைகள் ரியூசன் கொட்டிலுக்குள்ள இருக்கினம்.

உடன்படாத பாதி: உங்கட ஆச்சியைத்தான் நீங்கள் ஞாபகம் வச்சிருக்கிறீங்கள். அதே ஊரில முதுகு கூனி, பொல்லுப் பிடிச்சு நடந்த ஆச்சிமாரை "வயசு போனா அப்பிடித்தான்" எண்டு எல்லாரும் கடந்து போனவை. அவையின் முள்ளந்தண்டை ஒருத்தரும் படம் பிடிச்சுப் பார்க்கேல்லை.

மாஸ்டர்_கொழும்பு6
செவ்வாய், இரவு 9.30

அது சரி. பெரியம்மா அப்பிடித்தான் இருந்தவ. எனக்கும் ஸ்கான் தேவையோ? வயசு 74, சிகரெட்டை விட்டுக் கனகாலம்.

பிசியோ_நிலா
செவ்வாய், இரவு 9.41

70 தாண்டிய ஆண், புகைத்த வரலாறு, குடும்பத்தில கூன். எடுங்க மாஸ்டர். வலிக்காது, கதிர்வீச்சும் மிகக் குறைவு.

வெள்ளவத்தை_வேணி
புதன், காலை 6.50

பல் வைத்தியரிட்ட வெள்ளிக்கிழமை போறம். குளிசை அலுமாரியால வெளிய வந்து குசினி மேசைக்கு வந்திருக்கு, அவ்வளவுதான் இப்போதைக்கு. ஒரு கேள்வி, பார்மசித் தம்பி: அம்மா தைரொக்சினும் காலமை வெறுவயித்தில போடுறவ. ரெண்டையும் ஒண்டாப் போடலாமோ? எழும்பின உடன பிளேன்ரீ இல்லாமல் இருக்க மாட்டா.

பார்மசி_பொடியன்
புதன், காலை 8.35

ஒண்டாப் போட வேண்டாம் அக்கா. கிழமையில ஒரு நாளைக் குறிச்சு வையுங்கோ. அந்த நாள் எழும்பின உடன அலென்ட்ரோனேட், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணியோட. பிளேன்ரீ, பால், ஜூஸ் ஒண்டும் ஏலாது, குளிசை உடம்பில சேராமலே போயிடும். போட்டிட்டு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, நிமிர்ந்து இருக்கலாம், நடக்கலாம். படுத்தாக் குளிசை களத்தில (உணவுக்குழாயில) நிண்டு புண்ணாக்கும். அரை மணித்தியாலம் கழிச்சுத் தைரொக்சின். பிறகும் அரை மணி ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பிளேன்ரீ. கல்சியத்தைத் தைரொக்சினில இருந்து நாலு மணித்தியாலம் தள்ளி மத்தியானச் சாப்பாட்டோட குடுங்கோ.

தைரொயிட் ரிப்போர்ட் கடைசியா எப்ப பார்த்தது? தைரொக்சின் அளவு கூடினாலும் எலும்பு கரையும். அதையும் அந்த டொக்டரிட்டக் காட்டுங்கோ.

வெள்ளவத்தை_வேணி
புதன், காலை 8.52

ரெண்டு வருசத்துக்கு முதல். இண்டைக்கே இரத்தம் குடுக்கக் கூட்டிக்கொண்டு போறன்.